ஈயக்குண்டு கழன்று விழ வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் கெண்டை மீனுக்குத் தண்ணீரில் கரையும் பையில் இரை கட்டுவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன், முதல் தடவை சந்தோஷமாக, இரண்டாம் தடவை கவலையோடு. முள்ளையும் குண்டையும் இரையோடு உள்ளே வைத்து வீசுகிற பி.வி.ஏ. பையை (தண்ணீரில் கரைகிற ஒரு வகை பிளாஸ்டிக் பை) எப்படி நிரப்புவது, கழுத்தை எப்படி முறுக்குவது, மூலையை எப்படி நனைத்து மடித்து ஒட்டுவது என்று அவ்வளவு பொறுமையாக எழுதியவர், ஈயக்குண்டுக்கு மட்டும் மூன்றே வரி ஒதுக்கி, பைக்குள் அடங்குகிற எந்தக் குண்டும் போதும், கனமாக இருந்தால் இன்னும் நல்லது என்று முடித்துவிட்டார். இதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. அடித்தரை எப்படி இருக்கிறது என்று பார்த்து முதலில் குண்டு, அந்தக் குண்டுக்கு ஏற்ற பை, அப்புறம்தான் பைக்குள் என்ன போடுவது என்ற பேச்சு. இந்த வரிசை மாறினால் மீன் கிடைக்காமல் போவது ஒரு பக்கம் இருக்கட்டும், தப்பித்துப் போகிற மீனும் பிழைக்காது.

சில மாதங்களுக்கு முன் நான் கரைசேர்த்த ஒரு கெண்டையின் வாயில் ஒரு ஓரத்தில் என் தூண்டில் முள் இருந்தது, மறு ஓரத்தில் வேறு யாருடையதோ. அந்தப் பழைய முள்ளிலிருந்து ஒரு சாண் தூண்டில் நரம்பு, அதன் முனையில் 80 கிராமுக்குக் குறையாத பேரிக்காய் வடிவக் குண்டு, குண்டுக்கு மேலே ஒரு முழத்துக்கு அறுந்த நரம்பு, அது முழுக்கப் பாசி. முள் ஏறிய இடத்தில் உதடு கிழிந்து வெளுத்துப்போயிருந்தது. குண்டின் ஒரு பக்கம் மட்டும் சரளையில் உரசி உரசிப் பளபளவென்று இருந்தது. எத்தனை நாள் அதை இழுத்துக்கொண்டு திரிந்ததோ தெரியாது. குண்டைப் பிடித்திருந்த கிளிப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன்: அதன் மேல் ஏற வேண்டிய கூம்பு ரப்பரை அடிவரைக்கும் அழுத்தி ஏற்றியிருந்தார்கள். என் இரு கை பலத்துக்கும் அது அசையவில்லை. ஒரு மீன் எப்படிக் கழற்றும்?

கிளிப்பைச் செய்ததே கழல்வதற்காகத்தான். அதன் ஒரு பக்கத்துக் கை குண்டின் ஸ்விவலை (சுழலும் சிறு வளையத்தை) பிடித்துக்கொள்ளும், அந்தக் கை விரியாமல் ரப்பர் மூடிக்கொள்ளும், குண்டு கல்லிலோ செடியிலோ மாட்டி மீன் மறுபக்கம் இழுக்கும்போது ரப்பர் பின்னால் நகர்ந்து குண்டு உதிர்ந்துவிடும். வீசும்போது கழலாமலும் மாட்டும்போது கழன்றும் போக, ரப்பரைப் பாதிவரை ஏற்றினால் போதும். பைக்குள் பெரும்பாலும் நடுவில் துளையுள்ள குண்டைத்தான் வைக்கிறோம். அதிலும் இதே கதைதான். ஸ்விவல் குண்டுக்குள் லேசாகச் செருகியிருக்க வேண்டும், இறுகக்கூடாது. மேலே நரம்பு அறுந்துவிட்டால் அறுந்த முனை குண்டின் துளை வழியாக எங்கும் முடிச்சு தடுக்காமல் உருவிக்கொண்டு வர வேண்டும். கட்டி முடித்ததும் ஒரு கையில் குண்டைப் பிடித்து மறு கையால் இழுத்துப் பாருங்கள். அரை நிமிட வேலை. பையை ஒட்டி மூடிவிட்டால் அப்புறம் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கப்போவதில்லை, அதனால்தான் இதைப் பை கட்டுகிறவர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன்.

கனத்துக்கு வருகிறேன். கெண்டை இரையைக் கடித்து இழுக்கிற மீன் அல்ல. உறிஞ்சும், பிடிக்கவில்லை என்றால் துப்பும், பற்கள் தொண்டைக்குள்தான் இருக்கின்றன. உறிஞ்சிய மீன் தலையை நிமிர்த்தும்போதோ திரும்பும்போதோ முள்ளையும் குண்டையும் இணைக்கிற குட்டை நரம்பு விறைக்கிறது, குண்டின் கனம் முள்ளை உதட்டில் இறக்கிவிடுகிறது. பைக்குள் வைக்கிற முள் நரம்பு பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான் என்பதால் அது சீக்கிரமே விறைக்கும். 55 முதல் 85 கிராம், அதாவது 2 முதல் 3 அவுன்ஸ், இந்த வேலைக்கு நிறையவே போதும். அதற்கு மேல் கூட்டுவது தூரத்துக்காக. பை கட்டி வீசும்போது தூரமும் அவ்வளவாக ஏறாது, பையின் உடம்பு காற்றைத் தடுக்கிறது. ராடு (தூண்டில் கோல்) ஒன்று இருக்கிறதே, அதையும் யோசிக்க வேண்டாமா? 3 பவுண்டு டெஸ்ட் கர்வ் (ராடு நுனியைச் செங்கோணமாக வளைக்கத் தேவையான எடை) என்று போட்டிருக்கும் ராடு சுமார் 3 அவுன்ஸ் குண்டைச் சிரமமில்லாமல் வீசும் என்பது பொதுவான கணக்கு. 85 கிராம் குண்டைச் சுற்றி 50 கிராம் பெல்லட்டை (சிறு இரை உருண்டைகளை) அடைத்தால் ராடு தூக்குவது 135 கிராம். ஆகவே பை பெரிதானால் குண்டு சிறிதாக வேண்டும், கட்டுரை சொல்வதற்கு நேர் எதிர்.

அடித்தரைதான் முக்கியம். ஈயம் தண்ணீரைப்போல் பதினோரு மடங்குக்கு மேல் அடர்த்தியானது. கனத்த உருண்டைக் குண்டு மெத்தென்ற வண்டலில் விழுந்தால் உள்ளே புதைகிறது, முள் நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது, மேலே பெல்லட் குவியல் அழகாகக் கிடக்க முள் மட்டும் சேற்றுக்குள் இருக்கும். இங்கே தட்டையான, எடை குறைந்த குண்டுதான் சரி, அகலமான பை அதை மெதுவாக இறக்கி மேலாகவே உட்கார வைக்கும். சரிவான தரையில் உருண்டை வேண்டவே வேண்டாம், உருண்டு கீழே போய்விடும். தட்டையானதோ, முகத்தில் குமிழ்கள் உள்ள பிடிப்புக் குண்டோ நிற்கும். நீர்ச்செடிகளுக்கு நடுவே பை தரும் பலனை வேறு எதுவும் தருவதில்லை, ஏனென்றால் முள்ளும் பைக்குள் இருப்பதால் இறங்கும் வழியில் எந்த இலையும் அதில் மாட்டாது. தரையை அறிய வெறும் குண்டை முதலில் வீசி, நரம்பை விரலில் பிடித்துக்கொண்டு இறங்க விடுங்கள். சரளை என்றால் ராடு வழியாகக் கைக்கு ‘டொக்’ என்று வரும், சேறு என்றால் ஒரு மெத்தென்ற அமுக்கல், செடி என்றால் ஒன்றுமே வராது. பை கட்டிய பிறகு இதைச் செய்து பயனில்லை, பை அந்த அதிர்வை விழுங்கிவிடுகிறது.

பையைப் பற்றியும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். வீசும்போது கிழியாமல் இருக்க ஒரு பைக்குள் இன்னொரு பை போடலாம் என்கிறது கட்டுரை. கோடையில் சரி, பரவாயில்லை. குளிர்ந்த தண்ணீரில் இது வேலையைக் கெடுக்கும். பனிக்காலக் காலை ஒன்றில் இருபது நிமிடம் கழித்து நான் சுருட்டி எடுத்தபோது முனையில் வந்தது ஜெல்லி போன்ற ஒரு கட்டி, உள்ளே பெல்லட், அதற்கும் உள்ளே முள், முள்ளின் கூர்முனையைச் சுற்றிப் பசை. முறுக்கிய கழுத்துப் பகுதிதான் கடைசிவரை கரையாமல் நின்றது. அன்றிலிருந்து, மீன் பிடிக்கப்போகும் அதே தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து, ஒரு பையை அதில் போட்டு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்த பிறகே வீசுகிறேன். குளிரில் மீனின் செரிமானமும் மந்தம், சின்னப் பை, குறைவான இரை, ஒரே ஒரு மடிப்பு போதும். ஊசியால் நாலைந்து துளை போட மறக்காதீர்கள், உள்ளே காற்று தங்கினால் பை மிதந்து மிதந்து எங்கோ போய் இறங்கும்.

ஈரக் கையால் பையைத் தொடக்கூடாது என்று எழுதியவர், இரையில் ஊற்றும் திரவத்தைப் பற்றி எழுதவில்லை. தண்ணீர் கலந்தது எதுவும் பையை ஓட்டை போடும், எண்ணெய் ஒன்றும் செய்யாது, நன்றாக உப்பேறிய திரவமும் பையைக் கரைக்காது. ஈரமான மக்காச்சோளத்தைக்கூட உப்பில் புரட்டி உலர்த்திக் கட்டிவிடலாம்.

குண்டு உதிர்ந்தால் ஈயம் தண்ணீரில்தானே கிடக்கும், அது விஷம்தானே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அன்னப்பறவைகள் கூழாங்கல் என்று விழுங்கிச் செத்ததால்தான் பிரிட்டன் 1987 முதல் 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையிலான ஈய எடைகளைத் தடை செய்தது. நாம் பேசுவது அதைவிடப் பெரிய குண்டு, பறவை விழுங்காது, அதற்காகக் கண்டபடி ஈயத்தைக் கொட்டவும் எனக்கு மனசில்லை. ஒவ்வொரு மீனுக்கும் குண்டு விழும்படி வேண்டுமென்றே கட்டுகிற வழக்கம் அடர்ந்த செடிகளுக்கு நடுவே தவிர வேறெங்கும் தேவையில்லை. மாட்டினால் மட்டும் விழட்டும். துளையிட்ட கல் எடைகளையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன், அதே கனத்துக்கு உருவம் பெரிது, தூரம் குறையும், பக்கத்தில் வீசுகிறவர்களுக்குத் தாராளமாகப் போதும்.

அடுத்த இதழில் குண்டு பற்றிய அந்த மூன்று வரியைத் திருத்தி, கிளிப்பில் ரப்பர் எதுவரை ஏற வேண்டும் என்று காட்டும் ஒரு படத்தையும் சேர்த்துப் போடுங்கள். கட்டுரையைப் படித்துவிட்டு முதல் தடவையாகப் பை கட்டப்போகிறவர்கள் இருப்பார்கள், அவர்கள் கண்ணில் அது பட வேண்டும்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகன்