சேரட்டுமா என்று கேட்டிருந்தாய்

அன்பு பாப்பாவுக்கு,

ஃபெடரலிஸ்ட் சொசைட்டி என்ற அமெரிக்கப் பழமைவாத வக்கீல்கள் சங்கத்தில் சேர்ந்தால் பெரிய நீதிபதிகளிடம் லா கிளார்க் (நீதிபதிக்குக் குறிப்பு எழுதும் உதவியாளர்) வேலை சுலபமாகக் கிடைக்கும் என்று அங்கே உன் வகுப்பில் பேசிக்கொள்கிறார்கள், சேரட்டுமா என்று கேட்டிருந்தாய். "அது ரிபப்ளிகன் கட்சிக்காரங்க சங்கமாமே, வேண்டாம்னு எழுதிப் போடுங்க" என்று உன் அம்மா ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எனக்கு ஒரு வரி போதாது. கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிய பிறகும் வாதாடுகிற புத்தி போகவில்லை.

முதலில், அது கட்சிச் சங்கமாகத் தொடங்கியதல்ல. 1982-ல் யேல், சிகாகோ சட்டக் கல்லூரிகளில் படித்த சில மாணவர்களுக்குத் தங்கள் பேராசிரியர்கள் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தவர்கள் என்ற குறை. யேலில் ஒரு கருத்தரங்கு கூட்டினார்கள். யேலில் ராபர்ட் போர்க், சிகாகோவில் ஆன்டனின் ஸ்காலியா என்று இரண்டு பேராசிரியர்கள் கைகொடுத்தார்கள். இன்று 200-க்கு மேற்பட்ட கல்லூரிகளில் கிளை. எந்த வழக்கிலும் நாங்கள் நிலைப்பாடு எடுப்பதில்லை என்பது அவர்கள் விதி. எதிர்த்தரப்பு ஆளையும் மேடைக்கு அழைத்துப் பேசவிடுகிறார்கள். இந்த அளவில் எனக்கு மரியாதைதான்.

விவாதத்துக்காகக் கூடிய சங்கம் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் வாசலானது எப்படி என்பதுதான் நீ தெரிந்துகொள்ள வேண்டியது. 1987-ல் ரிபப்ளிகன் அதிபர் ரீகன் அந்த போர்க்கையே உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். மனுஷன் நிறைய எழுதிவைத்திருந்தார். எழுதியதெல்லாம் அவருக்கு எதிரான சாட்சியாகி, செனட் 58-42 என்று நிராகரித்தது. அதில் சூடுபட்டவர்கள் 1990-ல் அதிகம் எழுதாத டேவிட் சவுட்டரைக் கொண்டுவந்தார்கள். 90-9 என்று சுளுவாகத் தேறினார். இரண்டே வருஷத்தில் கருக்கலைப்பு வழக்கில் அந்த உரிமையைக் காப்பாற்றியவர்களோடு நின்றார். 2009-ல் ஒபாமா அதிபராக இருக்கும்போது ஓய்வுபெற்று, நாற்காலியையும் அடுத்த கட்சி கையில் கொடுத்துவிட்டுப் போனார். "இனி ஒரு சவுட்டர் வேண்டாம்" என்பது அந்த முகாமில் மந்திரமாகிவிட்டது.

2005-ல் நடந்ததைக் கவனி. சின்ன புஷ் தன் வெள்ளை மாளிகை வக்கீல் ஹாரியட் மையர்ஸை முன்மொழிந்தார். எதிர்க்கட்சி மெனக்கெடவே இல்லை. சொந்த முகாமே "இந்தம்மா நம்மிடம் வளர்ந்தவரில்லை, நாளைக்கு எந்தப் பக்கம் சாய்வாரோ" என்று கிளம்பியது. ஒரு மாதத்துக்குள் அவர் விலகிக்கொண்டார். அந்த இடத்துக்கு அலிட்டோ வந்தார். அதிபரே நேரில் சொல்லும் உத்தரவாதம் செல்லாது, எங்கள் பழக்கத்தில் இருந்தவரா என்பதுதான் செல்லும் என்று ஆனது அன்றைக்குத்தான்.

சங்கத்தின் உண்மையான பலம் இங்கே இருக்கிறது. அது ஒரு நாற்றங்கால். உன் வயதில் மதியக் கூட்டத்துக்கு வருகிற பிள்ளை அடுத்து ஒரு நீதிபதியிடம் கிளார்க், அப்புறம் அரசு வக்கீல், நாற்பதை ஒட்டி மேல்முறையீட்டு நீதிமன்றம். வழிநெடுக யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பெயர் வெள்ளை மாளிகைக்குப் போகும்போது "உங்கள் கருத்து என்ன" என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. செனட் விசாரணையில் அவர் "வரப்போகும் வழக்கைப் பற்றிச் சொல்லக் கூடாது" என்று பவ்யமாகச் சொல்வார். அது முறைதான். ஆனால் தெரியவேண்டியவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். (தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் முன்மொழியப்பட்டபோது, தான் அதில் உறுப்பினராக இருந்ததாக நினைவே இல்லை என்றார். 1990-களின் நிர்வாகிகள் கையேட்டில் அவர் பெயர் அச்சாகியிருந்தது. அப்பேர்ப்பட்ட ஞாபகசக்திக்காரருக்கு இந்த ஒன்று மட்டும் நழுவிவிட்டது.)

2016 பிப்ரவரியில் ஸ்காலியா இறந்தார். மார்ச்சில் ஒபாமா மெரிக் கார்லண்டை முன்மொழிந்தார். செனட்டில் ரிபப்ளிகன் பெரும்பான்மைத் தலைவர் மெக்கானல் விசாரணைக்கே எடுக்கவில்லை. மே மாதம் வேட்பாளர் டிரம்ப் 11 பெயர் கொண்ட பட்டியலை வெளியிட்டு, செப்டம்பரில் நீட்டினார். ஓட்டுக் கேட்கும்போதே நீதிபதிப் பட்டியலைக் காட்டிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பட்டியலுக்குப் பின்னால் சங்கத்தின் நிர்வாகத் துணைத்தலைவர் லெனார்ட் லியோ இருந்தார். வெள்ளை மாளிகைக்கு யோசனை சொன்ன காலத்தில் சங்கத்திலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டார். ஆகவே சங்கம் யாரையும் சிபாரிசு செய்யவில்லை! இந்த நுணுக்கத்தை எந்த சீனியரிடம் படித்தாரோ. பணமும் தாராளம். ஜுடிஷியல் கிரைசிஸ் நெட்வொர்க் என்ற அமைப்பு கார்லண்டைத் தடுக்க 70 லட்சம் டாலர், டிரம்ப் அந்த இடத்துக்கு முன்மொழிந்த கோர்சச்சை ஏற்ற 1 கோடி டாலர் செலவு என்று அறிவித்தது. கொடுத்தவர்கள் யாரென்று அவர்கள் சொல்ல வேண்டியதில்லை.

கோர்சச்சுக்கு நியமனத்தின்போது வயது 49, ஏமி பேரட்டுக்கு 48. இங்கே உச்ச நீதிமன்றத்தில் 65 ஆனால் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். அங்கே ஆயுள் பதவி. 2022-ல் கருக்கலைப்புத் தீர்ப்பு தலைகீழானதும், 2024-ல் அரசுத் துறைகளின் சட்ட விளக்கத்துக்கு நீதிமன்றம் தலைவணங்கும் 40 வருஷ வழக்கம் போனதும் இந்தக் கணக்கின் அறுவடை. இன்னும் இருபது வருஷம் நீ வழக்காடப்போவதும் இவர்கள் முன்னால்தான்.

"உங்க கொலீஜியம் மட்டும் யோக்கியமா" என்று நீ மடக்குவாய். இல்லை. 2015-ல் நியமன ஆணையத்தை ரத்து செய்த பிறகும், நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஏற்பாடு மூடிய அறைதான். அந்தச் சண்டையை நீ வரும்போது வைத்துக்கொள்வோம். அமெரிக்காவிலும் மறுதரப்பான தாராளவாதிகள் சும்மா இருக்கவில்லை. அவர்களும் 2001-ல் அமெரிக்கன் கான்ஸ்டிட்யூஷன் சொசைட்டி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 2013-ல் கீழ் நீதிமன்ற நியமனங்களுக்கு 60 ஓட்டு வேண்டியதில்லை என்று கதவைத் திறந்துவிட்டதும் அவர்கள் பக்கத்து ஜனநாயகக் கட்சிதான். அதே வருஷம்தான் நம் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளை ஸ்ரீ ஸ்ரீனிவாசன் 97-0 என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். ஐந்து வருஷம் கழித்து டிரம்ப் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்த கவனா தேறியது 50-48.

கடைசியில் நடந்த கூத்துதான் என்னை யோசிக்க வைத்தது. 2025 மே மாதம் வர்த்தக நீதிமன்றம் டிரம்பின் இறக்குமதி வரிகளைச் செல்லாது என்றது. மூவரில் ஒருவர் அவரே நியமித்தவர். சங்கம் தவறான யோசனை சொல்லிவிட்டது என்று எழுதி, லியோவைக் கண்டபடி ஏசினார் டிரம்ப். எனக்கென்னவோ சங்கத்துக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது. ஆனால் இரண்டு மாதத்தில் தன் சொந்த வழக்குகளில் வாதாடிய எமில் போவேயை 50-49 என்ற ஓட்டில் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பினார். கொள்கைக்கு விசுவாசமா என்று சல்லடை போட்டவர்களின் இடத்தில் ஆளுக்கு விசுவாசமா என்று சல்லடை போடுபவர்கள் வருகிறார்கள். முதலாவதே எனக்குப் பிடிக்காது. இரண்டாவதைப் பார்த்தபின் முதலாவது தேவலை என்று படுகிறது.

ஆகவே சேர்வதானால் சேர். வாதத்துக்காகச் சேர், பயோடேட்டாவில் ஒரு வரிக்காகச் சேராதே. அந்த வரியை வைத்து உன்னை எடுக்கிற நீதிபதி, அந்த வரி சொல்கிறபடியே நீ இருப்பாய் என்று எதிர்பார்ப்பார். ஸ்ரீனிவாசன், ரீகன் நியமித்த வில்கின்சனிடமும் ஓ'கானரிடமும் கிளார்க்காக இருந்தவர். பிறகு அவரை முன்மொழிந்தது ஒபாமா. உன் கருத்துக்கு மாறானவரிடம் ஒரு வருஷம் குறிப்பு எழுதினால் தொழில் நன்றாகப் படியும்.

அடுத்த கூட்டத்துக்கு யாராவது நீதிபதி வந்தால், கேள்வி நேரத்தில் எழுந்து கேள்: உங்கள் பெயர் வெள்ளை மாளிகைக்குப் போவதற்கு முன் உங்களோடு உட்கார்ந்து பேசியவர்கள் யார், என்ன கேட்டார்கள்? பதில் வராவிட்டாலும் அவர் முகம் எப்படிப் போனது என்று எனக்கு எழுது.

அப்பா