ஹான்சன் எல்லாரும் ஒரு வீட்டாக்கள் இல்லை, ஐயா

பேர்கன், நோர்வே

அன்புள்ள ஐயாவுக்கு,

மகள் எழுதிக்கொள்வது. நானும் அவரும் பிள்ளைகளும் நல்ல சுகம். உங்கட சுகமும் அம்மாவின்ர சுகமும் அறிய ஆவல். அம்மாவின்ர கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று தம்பி சொன்னான். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல்லுங்கோ. போனில் நான் கத்துவதும் நீங்கள் "என்ன, என்ன" என்று கேட்பதுமாக நேரம் போகிறது. அதுதான் இந்த முறை ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

"ஹான்சன்ர ஊரில் இருக்கிறாய், அவற்ற வழியில் வந்த ஆக்கள் ஒருத்தரையும் காணேல்லையோ" என்று கேட்டிருந்தீங்கள். நீங்கள் மாந்தீவுத் தொழுநோய் ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரியாக இருந்த காலத்தில் நோயாளரின் அட்டையில் குஷ்டம் என்று எழுத மனம் வராமல், அதன்ர கிருமியைக் கண்ட பேர்கன் டொக்டரின் பெயரில் "ஹான்சன் நோய்" என்றே எழுதினதாக எங்களுக்குச் சொல்லியிருக்கிறீங்கள். அந்த நினைவில்தான் கேட்கிறீங்கள் என்று தெரியும்.

ஹான்சன்களை நான் ஒவ்வொரு நாளும் காணுகிறேன், ஐயா. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் எங்கட மாடியிலேயே மூன்று ஹான்சன். மருந்துக்கடையில் ஒரு ஹான்சன், மகனின்ர வகுப்பில் இரண்டு. ஒருத்தருக்கும் ஒருத்தர் சொந்தமில்லை. 55 இலட்சம் சனமுள்ள இந்த நாட்டில் ஏறத்தாழ 50,000 பேருக்கு இதுதான் குடும்பப் பெயர். வேறெந்தக் குடும்பப் பெயரும் இந்த அளவுக்கு இல்லை. டென்மார்க்கிலும் நிறைய இருக்கினம். ஹான்சன் என்று கூப்பிட்டால் யாரைக் கூப்பிடுகிறோம் என்று விளங்காது. இஞ்ச டொக்டரைக்கூட முதற்பெயரால்தான் கூப்பிடுவார்கள். முதலில் எனக்கு வாய் வரவில்லை, இப்ப பழகிவிட்டது.

இப்படி வந்ததுக்குக் காரணம் எங்களுக்கு விளங்காதது இல்லை. முந்தி இவையளும் எங்களைப் போலத் தகப்பன்ர பெயரைத்தான் வைத்திருக்கினம். ஹான்ஸ் என்பவற்ற மகன் ஹான்சன், அவற்ற மகள் ஹான்ஸ்டாட்டர். மகன்ர பெயர் ஓலா என்றால் பேரன் ஓல்சன். தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகும். அதோடு எந்தக் காணியில் இருக்கினமோ அந்தக் காணியின்ர பெயரும் பின்னால் வரும். பட்டணத்து ஆக்கள் முதலில் இதை விட்டுவிட்டு ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு 1923ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாக் குடும்பத்துக்கும் மாறாத ஒரு பெயர் வேணும் என்று சொல்லிவிட்டது. அந்த நேரத்தில் யாருக்கு என்ன பெயர் இருந்ததோ அது அப்படியே இறுகிப்போச்சு. உங்கட ஹான்சனையே பாருங்கோ. அவற்ற தகப்பன்ர பெயர் ஹான்ஸ் இல்லை, கிளவுஸ். பழைய முறைப்படி அவர் கிளவுசன் ஆகியிருக்கவேணும். வியாபாரக் குடும்பம், பதினைந்து பிள்ளைகள், இடையில் வியாபாரமும் நொடித்துப்போனதாம். இத்தனை ஹான்சனுக்குள்ளே அவரைப் பிரித்துச் சொல்ல இஞ்ச எல்லாரும் நடுப்பெயரையும் சேர்த்து ஆர்மவர் ஹான்சன் என்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ஒரு தெருவுக்கும் அந்தப் பெயர்தான்.

போன கோடையில் என்ர அவரும் நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சென்ட் யோர்கன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இப்ப அது தொழுநோய் நூதனசாலை. நகரத்தின் நடுவில், கடைகளுக்குப் பின்னால் ஒளிந்ததுபோல இருக்கிறது. 1400களின் தொடக்கத்தில் வந்த ஆஸ்பத்திரி. இப்ப நிற்கிற மரக்கட்டடங்கள் 1702இல் பேர்கன் எரிந்த பிறகு கட்டினது. நடுவில் நீளமான ஒரு மண்டபம், அதைச் சுற்றி இரண்டு தட்டில் சின்னச் சின்ன அறைகள். ஒரு அறையில் இரண்டு பேர். கட்டிலும் ஒரு அலுமாரியும் வைத்தால் நிற்க இடமில்லை. நோயாளர் தங்கட சமையலைத் தாங்களே பார்த்திருக்கினம். பக்கத்திலேயே தேவாலயம். கடைசி இரண்டு நோயாளரும் 1946இல் செத்திருக்கினம், அதாவது நீங்கள் பிறந்த பிறகு! ஐரோப்பாவில் இந்த நோய் ஏதோ பைபிள் காலத்துக் கதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1850களில் இந்தச் சின்ன நாட்டில் 3,000 பேரளவில் நோயாளர் இருந்திருக்கினம், அதிலும் கூடுதலாக இந்த மேற்குக் கரையில்தான். 1856இல் ஒவ்வொரு நோயாளரையும் பெயர், ஊரோடு பதிகிற இடாப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு நோய்க்கு நாடு முழுக்கப் பதிவு வைத்தது உலகத்திலேயே அதுதான் முதல் என்கிறார்கள். பேர்கனின் அந்தப் பழைய ஆவணங்களை யுனெஸ்கோ 2001இல் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இடாப்பு எழுதுவதில் நீங்கள் எவ்வளவு கண்டிப்பு என்று எனக்குத் தெரியும். கண்டால் சந்தோஷப்படுவீங்கள்.

அந்தக் காலத்தில் இதைப் பரம்பரை நோய் என்றுதான் பெரிய டொக்டர்மார் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் தலையானவர் டானியல்சன். அவற்ற மகளைத்தான் ஹான்சன் 1873இல் கலியாணம் செய்தார். அதே ஆண்டு பெப்ரவரியில் ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த நீரில் குச்சிபோன்ற கிருமிகளை நுணுக்குக்காட்டியில் கண்டார். மாமனார் சொன்னது பிழை என்று காட்டுகிற கண்டுபிடிப்பு. மனுசி அந்த ஆண்டு முடியமுதலே காசநோயில் போய்விட்டா. அதுக்குப் பிறகும் மாமனும் மருமகனும் ஒன்றாகவே வேலை செய்திருக்கினம். றொபேட் கொக் என்ற டொக்டர் காசநோய்க் கிருமியைக் கண்டது 1882இல்தான், அதுக்கு ஒன்பது வருஷம் முந்தியே இது நடந்திருக்கிறது. பிறகு ஜெர்மனியிலிருந்து நைசர் என்ற இளம் டொக்டர் வந்தார், ஹான்சன் கொடுத்த மாதிரிகளைக் கொண்டுபோய்ச் சாயமூட்டிப் பார்த்தார், 1879இல் தானே கண்டுபிடித்ததாக எழுதினார். அந்தச் சண்டை கனகாலம் இழுபட்டது. அந்தக் கிருமியை இண்டைக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்க ஒருத்தராலும் முடியவில்லை. எலியின்ர பாதத்திலும் ஆர்மடில்லோ என்ற செதில் மிருகத்திலும்தான் வளர்க்கினம். பாவம், மனிசன் தன்ர கிருமிதான் நோயைத் தருகிறது என்று நிறுவ முடியாமல் வருஷக்கணக்காக அலைந்திருக்கிறார்.

அந்த அலைச்சல்தான் ஒரு கூடாத காரியத்தில் கொண்டுபோய் விட்டது. இதை நீங்கள் எங்களுக்குச் சொன்னதில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்குமோ தெரியாது. 1879இல் ஆஸ்பத்திரியில் இருந்த காரி நீல்ஸ்டாட்டர் என்ற பெண்ணின் கண்ணில், வேறொரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்ததைக் கத்தி நுனியால் குத்தி ஏற்றியிருக்கிறார். அவவுக்கு ஏற்கனவே ஒரு வகைத் தொழுநோய். மற்ற வகையும் தொற்றுமோ என்று பார்க்கிற சோதனை. அவவிடம் கேட்கவேயில்லை. அவ பேசாமல் இருக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பாதிரியார் வழியாக முறைப்பாடு போனது, 1880இல் பேர்கனில் வழக்கு நடந்தது. தான் இதைப் பார்க்கிற மாதிரி அவ பார்த்திருக்கமாட்டா, அதனால்தான் கேட்கவில்லை என்று ஹான்சன் ஒளிக்காமல் சொன்னார். அந்த ஆஸ்பத்திரி டொக்டர் பதவியை நீதிமன்றம் பறித்தது. நாட்டின்ர தலைமைத் தொழுநோய் வைத்தியர் பதவி மட்டும் கையில் இருந்தது. சாகும்வரை, 1912 வரை, அதில்தான் இருந்தார்.

அவர் செய்தது பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் படிப்பில்லாத, கைகால் மரத்துப்போன, போக்கிடம் இல்லாத ஒரு மனுசி அந்தக் காலத்தில் ஒரு பெரிய டொக்டருக்கு எதிராகச் சொல்லி, அதை நீதிபதியும் கேட்டார் பாருங்கோ, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. நோயாளரைக் குளிக்க வார்க்கமுதல் "வார்க்கட்டோ" என்று கேட்கவேணும் என்று எங்களுக்கு இஞ்ச வேலை பழக்கும்போது திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அப்ப அது ஒரு சம்பிரதாயம்போலத்தான் பட்டது.

இன்னொன்றும் எழுதவேணும், கோபிக்காதேங்கோ. நோயாளரை விலக்கி வைக்கிற 1877, 1885ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின்னால் நின்றவரும் ஹான்சன்தான். வீட்டில் தனி அறையில் இருக்கவேணும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். 1900அளவில் நோயாளர் தொகை சில நூறாகக் குறைந்துவிட்டது. சட்டத்தாலோ, சாப்பாடும் வீடும் திருந்தினதாலோ என்று இப்பவும் வாதாடுகினம். 1897இல் பெர்லினில் கூடின முதலாவது சர்வதேச மாநாடு நோர்வேயைப் பார்த்துச் செய்யுங்கோ என்று உலகத்துக்குச் சொன்னது. இரண்டாவது மாநாடு 1909இல் இதே பேர்கனில் ஹான்சன் தலைமையில் நடந்தது. ஆனால் நோர்வேயில் வீட்டு அறை என்ற ஒரு வழியாவது இருந்தது. எங்கட பக்கம் வரேக்கை அது தீவாகிப்போச்சு. மட்டக்களப்பு வாவி நடுவில் வள்ளத்தில் போய் நீங்கள் டாப்சோன் குளிசை குடுத்த ஆக்கள், குணமான பிறகும் வீட்டார் வந்து கூட்டிக்கொண்டு போகவில்லை என்று சொல்லுவீங்களே, அதை நூதனசாலையில் நிற்கேக்கை நினைத்துக்கொண்டேன்.

மற்ற ஹான்சன்களையும் கொஞ்சம் சொல்லுகிறேன். பேர்கனில் வருஷத்துக்கு இருநூறு நாளுக்கு மேல் மழை. இந்த மழைக்கு இஞ்ச பாதிச் சனம் போடுகிற சட்டையின்ர பெயரே ஹெல்லி ஹான்சன். அது ஒரு கப்பல் கப்டனின் பெயர். மோஸ் என்ற ஊரில் 1877இல் அவரும் மனுசியுமாகத் துணியை ஆளிவிதை எண்ணெயில் தோய்த்து மழைச்சட்டை செய்யத் தொடங்கினார்கள். அந்தக் கொம்பனிதான் இது. விலையைக் கேட்டால் மழையில் நனைந்தாலும் பரவாயில்லை என்றிருக்கும்.

பியருக்குப் பின்னால் ஒரு ஹான்சன் இருக்கிறார் என்று மாமாவிடம் சொல்லுங்கோ. எமில் கிறிஸ்தியன் ஹான்சன், டென்மார்க்காரர், எங்கட ஹான்சனுக்கு ஒரு வயது இளையவர். கொப்பன்ஹேகனில் கார்ள்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில் 1883இல் ஒரே ஒரு மதுவக் (ஈஸ்ட்) கலத்திலிருந்து தூய மதுவம் வளர்த்தெடுத்தார். அதுக்கு முந்தி பியர் எப்ப புளிக்கும், எப்ப கெடும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. கொம்பனியும் அந்த மதுவத்தைப் பூட்டி வைக்காமல் மற்றவைக்கும் குடுத்தது. பேர்கனில் ஒரு ஹான்சன் நுணுக்குக்காட்டிக்குள்ளே எதிரியைத் தேட, அங்கே இன்னொரு ஹான்சன் அதே கருவியில் நண்பனைத் தேடியிருக்கிறார். மாமா பேந்து "ஆராய்ச்சி" என்று சொல்லிக்கொண்டு குடிக்கப் போகிறார், அத்தை என்னைப் பேசாமல் விட்டால் சரி.

வியன்னாவின் பாராளுமன்றத்தைக் கட்டின கட்டடக் கலைஞரும் ஒரு ஹான்சன், தெயோபில். அவரும் டென்மார்க்கில் பிறந்தவர். வாய் பேசாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு அதிபராக இருந்த ராஸ்முஸ் மாலிங்-ஹான்சன் என்ற பாதிரியார் 1870இல் பந்துபோல உருண்டையான ஒரு தட்டச்சு இயந்திரம் செய்தார். தத்துவஞானி நீட்சே அதில் ஒன்றை வாங்கி அடித்திருக்கிறார். 1911 டிசம்பர் 14இல் அமுண்ட்சனோடு சேர்த்துத் தென்துருவத்தில் முதன்முதலாக நின்ற ஐந்து பேரில் ஒருத்தர், நாய்வண்டி ஓட்டின ஹெல்மர் ஹான்சன். அவர் இரண்டு 'ஸ்' போட்டு எழுதுகிறவர் என்று மகன் திருத்துகிறான், அவனுக்கு அது பெரிய விஷயம்.

எங்கட பெயர்க் கதையும் இருக்கிறது. என்ர சட்டையில் குத்தியிருக்கிற பெயர்ப்பட்டியில் பின்னால் இருக்கிறது உங்கட பெயர். கடுதாசிக்காரர், வங்கி, பிள்ளைகளின்ர பள்ளிக்கூடம் எல்லாரும் உங்கட பெயரைச் சொல்லித்தான் என்னைத் தேடுகினம். மகள் பெரியவளாகி அதே பெயரை வைக்க ஆசைப்படுகிறாள். அவளுக்கு அது தாத்தாவின்ர பெயர், அவள்ர பிள்ளைக்கு வெறும் குடும்பப் பெயர். இஞ்ச பெண்டுகளும் ஹான்சன் என்று இருக்கினம், ஹான்ஸின்ர மகன் என்ற பொருளில்! அதை ஒருத்தரும் யோசிக்கிறதில்லை. காரி நீல்ஸ்டாட்டர் காலத்தில் மகளுக்கென்று ஒரு பெயர் தனியாக இருந்தது. அதைப் பிடித்து வைத்துக்கொண்ட குடும்பம் நோர்வேயில் காண்பது அரிது. ஐஸ்லாந்துக்காரர்தான் இன்னும் விடவில்லை.

நூதனசாலையில் நின்ற ஒரு அம்மாவிடம் மாந்தீவைப் பற்றிச் சொன்னேன். அவவுக்கு நம்பமுடியவில்லை. எத்தனை கட்டடம், சமையல் யார், சவம் எங்கே அடக்கம் செய்வது என்றெல்லாம் கேட்டா. எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் நின்ற ஆண்டுகளையும் அங்கே இருந்த முறைகளையும் அடுத்த கடிதத்தில் விபரமாக எழுதுங்கோ. கை வலித்தால் தம்பியிடம் சொல்லி எழுதுவியுங்கோ. நோயாளரின் பெயர் வேண்டாம். நான் நோர்வேஜிய மொழியில் எழுதி அவவிடம் குடுக்கிறேன்.

தம்பியின்ர கணக்குக்குக் காசு போட்டிருக்கிறேன், கூரை ஓட்டை மழைக்கு முந்தி மாற்றுங்கோ. அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்புகிறேன். அந்த வெக்கையில் எதுக்கு என்று அவ பேசுவா, பேசட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்