கேட்காமலேயே தெரிய வேண்டும்: உரிமம் வழங்கும் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவம், மருந்தகம், சட்டம், மின்பணி எனப் பல தொழில்களுக்கு உரிமம் வழங்கும் மன்றங்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

உரிமம் பெற்ற ஒவ்வொருவரும் தம் தகுதியையும் பதிவு எண்ணையும் மக்கள் பார்வையில் வைப்பதை நீங்கள் கட்டாயமாக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

கேட்டால் காட்டப்போகிறார்கள், இதற்கு எதற்கு விதி என்று சிலர் சொல்கிறார்கள். யார் கேட்பார்கள்? காய்ச்சலில் துவளும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய், “டாக்டர், உங்கள் பதிவு எண் என்ன?” என்று வாய் திறப்பாரா? சந்தேகப்படுகிறோம் என்று நினைத்துவிடுவாரோ, அப்புறம் எப்படிக் கவனிப்பாரோ என்ற பயம்தான் முந்திக்கொண்டு வரும். அந்தச் சங்கடத்தை எங்கள் தலையில் கட்டாதீர்கள்.

விதியே எங்கும் இல்லை என்று சொல்லவில்லை. இந்தியாவில் 2002-இல் வந்த மருத்துவர் நன்னடத்தை விதிமுறைகள், பதிவு எண்ணைக் கிளினிக்கில் காட்சிக்கு வைக்கவும், மருந்துச் சீட்டு, சான்றிதழ், ரசீது ஆகியவற்றில் குறிப்பிடவும் சொல்கின்றன. கலிஃபோர்னியாவில் மருத்துவப் பணியாளர் அணியும் பெயர் அட்டையில் பெயரும் உரிம நிலையும் குறைந்தது 18 புள்ளி (பாயின்ட்) அளவுள்ள எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தின் அளவு வரைக்கும் சட்டத்தில் எழுத வேண்டுமா என்று தோன்றலாம். வேண்டும் என்பேன்.

சான்றிதழ் வழக்கமாக எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். மருத்துவரின் நாற்காலிக்குப் பின்னால், ஆளுயரத்துக்கு மேல், கண்ணாடிச் சட்டத்துக்குள். விளக்கு வெளிச்சம் பட்டுப் பாதி எழுத்து மறைந்துவிடும். மீதியில் பல்கலைக்கழகத்தின் பெயரும் பட்டம் பெற்ற ஆண்டும் தெரியும். உரிமம் இன்றைக்குச் செல்லுமா என்பது மட்டும் தெரியாது. படித்து வாங்கிய பட்டம் கூடவே இருக்கும். உரிமம் காலாவதியாகலாம், நிறுத்திவைக்கப்படலாம், ரத்தும் ஆகலாம். நாங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பெயருக்குப் பின்னால் நீளும் எழுத்துகளையும் கவனியுங்கள். வருடக்கணக்கில் படித்து வாங்கிய முதுநிலைப் பட்டமும், சந்தா கட்டினால் கிடைக்கும் சங்க உறுப்பினர் தகுதியும் ஒரே வரிசையில், ஒரே அளவில் நிற்கின்றன. எது எதைக் குறிக்கிறது என்று சாதாரண மனிதருக்கு எப்படிப் புரியும்? என்ன படித்தார், எதற்கு உரிமம் பெற்றார் என்று மக்கள் பேசும் மொழியில் முழுதாக எழுதச் சொல்லுங்கள்.

பிரிட்டனில் எரிவாயு வேலை பார்ப்பவர் வைத்திருக்கும் அடையாள அட்டை இதை அழகாகச் செய்கிறது. முன்பக்கம் புகைப்படம், உரிம எண், காலாவதி நாள். பின்பக்கம், அவர் எந்தெந்த வேலைகளைச் செய்யத் தகுதி பெற்றவர் என்ற விவரம். அடுப்புக்கு இணைப்புக் கொடுப்பவர் கொதிகலனிலும் கை வைக்கலாமா என்று வீட்டுக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

சரி, போலி ஆசாமி அடுத்தவரின் எண்ணை எழுதி மாட்டினால்? மாட்டத்தான் செய்வார். அதனால்தான் உங்கள் பதிவேடும் திறந்திருக்க வேண்டும் என்கிறேன். எண்ணைத் தட்டினால் புகைப்படம், தகுதி, உரிம நிலை, எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் கைபேசியில் வர வேண்டும். கட்டணமோ கடவுச்சொல்லோ கேட்கக்கூடாது.

இதில் தொழில் செய்பவர்களின் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. அவர்களுடைய வீட்டு முகவரியோ சொந்தத் தொலைபேசி எண்ணோ எங்களுக்கு வேண்டாம். மனநலப் பிரிவுகளில் பணிபுரிவோருக்குப் பாதுகாப்புக் கருதிப் பெயர் அட்டையிலிருந்து விலக்கு அளிக்கக் கலிஃபோர்னியச் சட்டம் இடம் தருகிறது. அது நியாயம். அத்தகைய இடங்களில் பெயரை விட்டுவிட்டுப் பதிவு எண்ணை மட்டும் காட்டலாம்.

விதி எழுதியதோடு நின்றுவிடாதீர்கள். உரிமத்தைப் புதுப்பிக்க வருபவரிடம், தகுதியும் பதிவு எண்ணும் எழுதி நுழைவாயிலில் வைத்த பலகையின் புகைப்படத்தையும் கேட்டு வாங்குங்கள். அந்தப் பலகையின் அடியில், புகார் சொல்ல உங்கள் மன்றத்தின் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் உரிமத்தை நம்பி வருவோரில் ஒருவர்