2024–25 ஆண்டறிக்கை: பழுது நீக்கும் ஞாயிறும் பசைச் சோதனையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நகர்வாழ் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையைச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் முன்வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதில் பசை வாங்கிய செலவு என்று ஒரு தலைப்பு இருக்கும். அதைக் கண்டு யாரும் புருவம் உயர்த்த வேண்டாம். விளக்கம் இந்த அறிக்கையிலேயே வருகிறது.

வழக்கமான பணிகள் வழக்கம்போல் நடந்தன. எரியாத தெருவிளக்குகளுக்கு மனு கொடுத்தோம், பெரும்பாலானவை எரிகின்றன. மழைக்கு முன்பே வாய்க்கால் தூர்வாரியதால் கிழக்குத் தெருவில் இந்த முறை தண்ணீர் தேங்கவில்லை. பொங்கல் விழாவில் உறியடி உண்டு, கோலப்போட்டி உண்டு, நடுவர்களின் தீர்ப்பு குறித்த மனக்குறையும் உண்டு. நாய்த் தொல்லை பற்றிப் பேசினோம், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஆண்டு புதிதாகச் செய்தது பழுது நீக்கும் ஞாயிறு. உடைந்த பொருளை எடுத்துக்கொண்டு மக்கள் ஓரிடத்தில் கூடி, தெரிந்தவர் உதவியோடு தாங்களே சரிசெய்துகொள்ளும் இந்த ஏற்பாட்டை 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினே போஸ்ட்மா என்ற பெண்மணி தொடங்கினார். இன்று பல நாடுகளில் நடக்கிறது. நமக்கு இது அவ்வளவு புதியதும் அல்ல. பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவரும், குடை பழுதுபார்ப்பவரும், பிளாஸ்டிக் குடத்தின் ஓட்டையைச் சூட்டுக்கோல் வைத்து அடைப்பவரும் தெருத்தெருவாக வந்த ஊர்தான் இது. அவர்கள் வருவது குறைந்துவிட்டதால் சங்கக் கட்டடத்தின் திண்ணையில் மாதம் ஒருமுறை நாமே உட்கார்ந்தோம்.

மிக்ஸி, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி ஆகியவற்றை லேத் பட்டறை வைத்திருக்கும் நமது துணைத் தலைவர் பார்த்துக்கொண்டார். சிக்கல் வந்தது ஒட்டுவேலையில்தான். ரிமோட்டின் பேட்டரி மூடி, மூக்குக்கண்ணாடிச் சட்டம், ரெகுலேட்டர் குமிழ், கொலுப் பொம்மையின் கை என்று வந்தவற்றில் பாதிக்கு மேல் சூப்பர் க்ளூ கேட்கும் வேலை. ஒட்டிக் கொடுத்தவற்றில் சில அடுத்த மாதமே திரும்பி வந்தன. உடனே ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். சமையல் சோடாவைத் தூவி ஒட்டினால் கல்லாகிவிடும் என்றார் ஒருவர். அடுப்புச் சாம்பலுக்கு ஈடில்லை என்றார் இன்னொருவர். நான்காம் தெரு அம்மா ஒருவர் கோலமாவுக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். ஒரு பெரியவர் விபூதியை எடுத்ததும், அதை இந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று மகளிர் அணி எதிர்ப்புத் தெரிவித்தது. அந்த எதிர்ப்பை நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்டு, சாம்பலோடு நிறுத்திக்கொண்டது. வாய்ச்சண்டையில் பொழுது போவதை விடச் சோதித்துப் பார்ப்பதே மேல் என்று ஆடி மாதக் கூட்டத்தில் முடிவெடுத்தோம்.

சோதனை முறையை வகுத்துத் தந்தவர் நமது உறுப்பினரான ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். பெயர்ப்பலகைக் கடையில் மிஞ்சிய அக்ரிலிக் துண்டுகளை ஒரே அகலத்தில் பட்டைகளாக வெட்டினோம். மர ரீப்பரிலும் அவ்வாறே வெட்டிக்கொண்டோம். பட்டையை நடுவில் உடைத்து ஒட்டி, ஒருநாள் முழுவதும் ஆறவிட்டு, இரண்டு முக்காலிகளுக்கு இடையே பாலம்போல் வைத்தோம். நடுவில் வாளியைத் தொங்கவிட்டு லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றினோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் தராசு தேவைப்படவில்லை. மேசை உயரத்திலிருந்து கீழே போடுவது ஒரு சோதனை, சுடுதண்ணீரில் ஊறவைப்பது இன்னொரு சோதனை. எந்தப் பட்டையில் என்ன பொடி என்பதை வாளியைத் தூக்கும் பையன்களுக்குச் சொல்லக் கூடாது என்பதும் ஆசிரியரின் ஏற்பாடே. தன் கட்சிப் பொடிக்கு மெதுவாக ஊற்றுவதும் எதிர்க்கட்சிப் பொடிக்கு மொத்தமாகக் கவிழ்ப்பதும் மனித இயல்பு என்றார்.

பசை எப்படி இறுகுகிறது என்பதை அவர் விளக்கியது எங்களில் பலருக்குப் புதிது. இது காய்ந்து இறுகும் பசை அல்ல. சயனோஅக்ரிலேட் என்ற திரவம், ஒட்டும் பரப்பில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் ஈரம் பட்டதும் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு பிளாஸ்டிக்காக மாறுகிறது. ட்யூபுக்குள்ளேயே அது நடந்துவிடாமல் இருக்கச் சிறிதளவு அமிலம் சேர்த்திருப்பார்கள். சமையல் சோடா காரத்தன்மை உள்ளது. அது அமிலத்தை முறித்துச் சங்கிலியைத் தொடங்கிவைப்பதால் பசை அந்தக் கணமே இறுகுகிறது, சூடும் ஆகிறது. சாம்பலிலும் சிமென்டிலும் காரம் உண்டு, அவையும் விரைந்து இறுகும். மரத்தூளில் இயற்கையான அமிலம் இருப்பதால் தாமதமாகும். ஹாரி கூவர் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1942-இல் துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடும்போது இந்தத் திரவம் கையில் சிக்கியதாம். தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். 1951-இல் மீண்டும் எதிர்ப்பட்டபோதுதான் அதன் அருமை புரிந்தது. 1958-இல் கடைக்கு வந்தது. ஒதுக்கியதற்கான காரணமும் பின்னர் விற்றதற்கான காரணமும் ஒன்றே என்பதைப் பிள்ளைகள் மிகவும் ரசித்தார்கள்.

இனி முடிவுகள். துண்டுகள் இடைவெளியின்றிப் பொருந்துகிற சுத்தமான உடைப்பில் எந்தப் பொடியும் பயன்தரவில்லை. ஒரு துளி பசையை மெல்லியதாகத் தடவி அழுத்திப் பிடித்த பட்டைதான் அதிகத் தண்ணீர் தாங்கியது. நடுவில் சோடா தூவியவை முன்னதாகவே முறிந்தன. காரணம் எளிது. பொடியின் மணிகள் இரு முகங்களையும் சேரவிடாமல் தள்ளி நிறுத்துகின்றன. சரியாகப் பொருத்துவதற்குள் பசையும் இறுகிவிடுகிறது. பொடி போட்டால் ஒட்டு பலப்படும் என்று நகர் முழுவதும் பரவியிருந்த நம்பிக்கை இந்த வகை உடைப்பில் செல்லாது என்பதைப் பதிவுசெய்கிறேன்.

ஆனால் ஒரு சில்லு தொலைந்து பள்ளம் விழுந்த உடைப்பில் கதை தலைகீழ். வெறும் பசையை எவ்வளவு ஊற்றினாலும் பள்ளத்தில் மேலே தோல் படர்ந்து உள்ளே ஈரமாகவே கிடந்தது, வாளியை மாட்டியதும் விட்டுவிட்டது. அதே பள்ளத்தைப் பொடியால் நிரப்பிப் பசை விட்டபோது நல்ல எடை தாங்கியது. ஒட்டு முடிந்த பிறகு மூலையின் வெளிப்புறத்தில் சோடாவை வரப்பாகக் கட்டிப் பசை விட்டதும் பலன் கொடுத்தது. பிடிமானப் பரப்பு கூடுகிறது அல்லவா. ஆக, உள்ளே போட்டால் கெடுப்பதும் வெளியே போட்டால் காப்பதும் அதே சோடாதான்.

பொடிகளைத் தனித்தனியாகச் சொல்வதானால், கடினத்தில் சோடாவுக்கே முதலிடம். இறுகிய பிறகு அரத்தால் தேய்க்கலாம், துளையும் போடலாம். மரை தேய்ந்து திருகு சுற்றிக்கொண்டே இருந்த பிளாஸ்டிக் துளைகளை அடைத்து, மறுபடி துளையிட்டுத் திருகு பூட்டியதுதான் இந்த ஆண்டின் மிக வெற்றிகரமான பழுது நீக்கம் என்பது என் கருத்து. பொடியைக் குவித்துவிட்டு மேலே பசை ஊற்றினால் மேல் ஓடு மட்டும் இறுகி, அடியில் பொடி பொடியாகவே இருக்கும். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத் தூவி, நீர்போல் ஓடும் பசையை விட்டு, அடுத்த அடுக்கைப் போட வேண்டும். கெட்டியான ஜெல் வகை பொடிக்குள் இறங்குவதில்லை.

கோலமாவு எதிர்பாராத இடத்தைப் பிடித்தது. கடையில் விற்கும் கோலமாவு பெரும்பாலும் வெள்ளைக்கல் பொடி. சோடா அளவுக்கு அவசரப்படாமல் இறுகுவதால் உருவத்தைத் திருத்த நேரம் கிடைக்கிறது. கொலுப் பொம்மையின் விரல்கள் அதில்தான் அழகாக வந்தன. நான்காம் தெரு அம்மாவுக்குச் சங்கத்தின் பாராட்டுகள். அரிசி மாவை எறும்புகளுக்கே விட்டுவிடலாம். முகப்பவுடரில் கட்டியது பிசிறின்றி வழவழப்பாக வந்தது, வலுவில் பின்தங்கியது. பென்சில் கரியை இழைத்துக் கலந்தால் கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒட்டு தெரியாது, அவ்வளவுதான். மரச்சாமான் வெடிப்புக்கு அதே மரத்தின் தூள்தான் பொருத்தம். வேறு மரத்தூள் போட்ட ஸ்டூலின் சொந்தக்காரர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உப்பு வேண்டவே வேண்டாம்; நீரில் கரைந்து வெளியேறிவிடுகிறது.

கீழே போட்டுப் பார்த்ததில் பொடி ஒட்டுகள் எல்லாமே ஏமாற்றின. கடினமானது நொறுங்கவும் செய்யும். இங்கே கைகொடுத்தது பொடி அல்ல, நார். சுவர் விரிசலில் ஒட்டும் கண்ணாடியிழை வலையில் ஒரு துண்டை ஒட்டின்மேல் போர்த்திப் பசையில் ஊறவைத்தபோது பட்டை விழுந்தும் பிரியவில்லை. துணைத் தலைவர் உடனே ‘கான்கிரீட்டுக்குக் கம்பி’ என்றார். இதற்கு மேல் உவமை தேவையில்லை.

நார் என்றதும் பஞ்சு நினைவுக்கு வரும். பஞ்சைத் தொடவே கூடாது என்று நிர்வாகக் குழு தடை விதித்திருக்கிறது. பருத்தியில் இந்தப் பசை நிறையப் பட்டால் கடும் சூடு கிளம்பி, புகைந்து, தோலைப் பொசுக்கிவிடும். பருத்திக் கையுறையும் பனியனும்கூட இதில் அடங்கும். ஆசிரியர் ஒரு சிட்டிகைப் பஞ்சைத் திறந்தவெளியில் இடுக்கியால் பிடித்துக் காட்டினார். எழுந்த புகையைப் பார்த்த பிறகு யாரும் விவாதிக்கவில்லை.

சுடுதண்ணீரில் எல்லா ஒட்டுகளும் தளர்ந்தன. சாதாரண சூப்பர் க்ளூ 80 டிகிரி வாக்கில் வலுவிழக்கும். பிரஷர் குக்கருக்குள் சூடு 120 டிகிரியைத் தொடும். எனவே குக்கரின் எந்தப் பாகத்தையும் ஒட்டித் தர மாட்டோம். ஹெல்மெட்டும் அப்படியே. காபிக் கோப்பையை ஒட்டித் தருவோம், பேனா போட்டு வைத்துக்கொள்ளலாம்.

திரும்பி வந்த பொருட்களைப் பிரித்துப் பார்த்ததில், பொடியின் குறையால் விட்டவை மிகக் குறைவு. எண்ணெய்ப் பிசுக்கோடும் பழைய பசையோடும் ஒட்டியவையே அதிகம். அடுத்த காரணம் பிளாஸ்டிக்கின் வகை. வாளி, குடம், நாற்காலி ஆகியவை பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன். சூப்பர் க்ளூ அவற்றைப் பிடிப்பதில்லை, மேலே எந்தப் பொடியைக் கொட்டினாலும் படலமாக உரிந்து வந்துவிடும். பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 2, 4, 5 என்றிருந்தால் திண்ணைக்குக் கொண்டுவர வேண்டாம், சூட்டுக்கோல்காரரைத் தேடுங்கள். நாற்காலியை ஒட்டித் தரச் சங்கம் மறுக்கிறது என்று எழுத்து மூலம் புகார் கொடுத்த உறுப்பினருக்கும் இதுவே பதில்.

மழைக்காலத்தில் பசை சீக்கிரம் இறுகுகிறது, ஒட்டைச் சுற்றி வெள்ளைப் பூப்பும் படிகிறது. திறந்த ட்யூப் நாளடைவில் கெட்டிப்படுகிறது. ஆகவே ஐந்து ரூபாய்ச் சிறு ட்யூபாக வாங்கி அன்றன்றே தீர்ப்பது என்று முடிவுசெய்தோம்; பொருளாளரின் கணக்கில் அத்தனை ரசீதுகள் இருப்பது இதனால்தான்.

பாதுகாப்பு பற்றிக் குழு எடுத்த முடிவுகளையும் இங்கே பதிவுசெய்கிறேன். சிறுவர்கள் வாளியும் ஏடும் பிடிக்கலாம், பசையைத் தொடக் கூடாது. சோடாவில் பசை விடும்போது எழும் ஆவி கண்ணை எரிக்கும், காற்றோட்டம் வேண்டும். விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரிக்க வேண்டும். கண்ணில் பட்டால் இமையை வலிந்து திறக்காமல் தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும். சொட்டு மருந்து என்று நினைத்துப் பசையைக் கண்ணில் விட்டுக்கொண்ட சம்பவங்கள் உலகெங்கும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. மருந்து வைக்கும் அலமாரியில் பசையை வைக்காதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிவிட்டோம். முதியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு இரண்டு முறை.

வரும் ஆண்டில் இருகூறு எபாக்சிப் பசையையும் இதே முறையில் சோதிக்க ஆசிரியர் விரும்புகிறார். அதற்கான தொகையைப் பொதுக்குழு ஒதுக்கித் தர வேண்டும். புதிதாக ஒரு வாளியும் வேண்டும். பழையதில் விரிசல் விழுந்துவிட்டது, முக்கோணத்தில் 5 என்று இருக்கிறது. பழுது நீக்கும் ஞாயிறுக்கு வருபவர்கள் உடைந்த சில்லுகளைக் குப்பையில் போடாமல் ஒரு காகிதத்தில் பொதிந்து கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன். சில்லு இருந்தால் பொடியே வேண்டாம்.

இடம், பொருள், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் ஆகியவற்றைத் தந்து உதவிய அனைவருக்கும் நன்றி கூறி, இந்த ஆண்டறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்