சென்னையின் பழைய ஓட்டல் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஆகஸ்ட் 22 நெருங்கினால் உங்கள் ஓட்டல்களில் மெட்ராஸ் தினக் களை வந்துவிடுகிறது. வாசலில் தோரணம், சுவரில் கறுப்பு வெள்ளைப் படங்கள், 'மூன்று தலைமுறைச் சுவை' என்று ஒரு பலகை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சுவரில் பாதிக் கதைதான் தொங்குகிறது. மீதியையும் மாட்டுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

மாட்டியிருக்கிற பாதி ஊருக்கே தெரியும். சமையற்கட்டு எடுபிடியாகத் தொடங்கிய உடுப்பிக்காரர் கிருஷ்ணராவ், 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் திறந்தார். 1962-ல் டிரைவ்-இன் வந்தது. கார் கதவில் தட்டை மாட்டி, உட்கார்ந்த இடத்திலேயே தோசை சாப்பிட்டார்கள். 2008-ல் அது மூடப்பட்டு, அந்த இடம் இன்று செம்மொழிப் பூங்கா. திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் 1948 முதல் இட்லி சாம்பாரில் முங்கிக் கிடக்கிறது. சர்வர் வாளியோடு வந்து, கேட்கக் கேட்க ஊற்றுவார். மவுண்ட் ரோடு புஹாரி 1951-ல் தொடங்கியது. சிக்கன் 65 தங்கள் அடுப்பில் 1965-ல் பிறந்தது என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. இதை மறுத்துப் பேச எனக்கு ஆசையில்லை, சாப்பிடத்தான் ஆசை.

மாட்டாத பாதிக்கு வருகிறேன். அந்தக் காலத்து மேசையில் யார் உட்கார்ந்தார்கள், யார் உட்கார முடியவில்லை?

'பிராமணாள் காப்பி கிளப்' என்ற பலகை இந்த ஊரில் சர்வ சாதாரணம். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில்கூடப் பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 1941-ல்தான் அந்தப் பிரிவினை ஒழிந்தது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-வது பிரிவு, கடை, பொது உணவு விடுதி என்று பெயர் சொல்லியே, சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. ஒரு நாட்டின் தலையாய சட்டத்தில் ஓட்டல் இடம்பிடிக்கிறது என்றால், வாசலில் நடந்தது சின்ன விஷயமாக இருந்திருக்க முடியாது. அதற்குப் பிறகும் பெயர்ப் பலகை போகவில்லை. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியாரின் தொண்டர்கள் நாள் தவறாமல் மறியல் செய்து, மாதக்கணக்கில் கைதாகிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 'பிராமணாள்' என்ற சொல் பலகையிலிருந்து இறங்கியது.

உங்கள் தாத்தாவைக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. ஊரே அப்படி இருந்தபோது அவரும் அப்படித்தான் இருந்திருப்பார். ஆனால் அந்தப் பலகை ஏறியதும் இறங்கியதும் சாம்பார் இட்லிக்கு எந்த விதத்திலும் குறையாத சென்னை வரலாறு. பழைய பலகையோ அதன் படமோ பரணில் கிடந்தால் மாட்டுங்கள். எந்த ஆண்டு பலகையை இறக்கினோம் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். 'ஃபேமிலி ரூம்' கதையும் அப்படித்தான். திரைச்சீலைக்குப் பின்னால் பெண்களையும் குழந்தைகளையும் உட்காரவைத்த அந்த அறைகளை எப்போது இடித்தீர்கள்? ஒரு பெண் தனியாக வந்து, ஹாலில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போவது எப்போதிலிருந்து சாதாரணமானது? கல்லாவில் பல காலம் உட்கார்ந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

அடுத்தது ஆட்கள். திறப்பு விழாப் படத்தில் முதலாளியும் வந்திருந்த பிரமுகர்களும் நடுவில் இருப்பார்கள், பெயரும் போட்டிருக்கும். ஓரத்தில் ஈரத் துணியோடு, காலில் செருப்பில்லாமல் ஒரு பையன் நிற்பான், மேசை துடைக்கிற பையன். அவனுக்குப் பின்னால் சமையலுக்குப் பொறுப்பான சரக்கு மாஸ்டர், தோளில் துண்டு. அவர்களுக்குப் பெயர் கிடையாது. சாம்பாருக்குப் பருப்பு எத்தனை படி, எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்பது அந்த மாஸ்டரின் கையில்தான் இருந்தது. அவர் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால் மறுநாள் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். மூன்று தலைமுறைச் சுவை என்கிறீர்களே, அது யாருடைய தலைமுறை? இன்று அதே அடுப்படியில் வடகிழக்கிலிருந்து வந்த இளைஞர்கள் நிற்கிறார்கள். அவர்கள் பெயரையாவது விட்டுவிடாதீர்கள்.

பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கடற்கரை ரயில் நிலையத்துப் பக்கம் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ், 2013-ல் மாநகராட்சியே ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற அம்மா உணவகம் எல்லாம் இந்த வரலாற்றில் சேர்ந்தவைதான். அவை உங்கள் பொறுப்பல்ல என்பதால் விட்டுவிடுகிறேன்.

உங்கள் பொறுப்பு மாடி அறையில் இருக்கிறது. மளிகைக் கணக்கு, சம்பளப் பட்டியல், பழைய விலைப்பட்டியல், பால்காரர் நோட்டு. காப்பிப் பொடியில் சிக்கரி எப்போது ஏறியது, சர்வருக்கு என்ன கூலி, அவர் எந்த ஊர்க்காரர் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது முதலில் எடைக்குப் போவதும் அதுதான். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய காகிதத்தின் அருமை தெரிந்தவர்கள். எடைக்குப் போடுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்