மழைக்கு ஒதுங்கும் இடமல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரச் சுற்றுலா இணைப்பில் எங்கள் புதுச்சேரிக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். மஞ்சள் சுவர், காகிதப்பூ, கடற்கரைச் சாலை, காபிக் கடை எல்லாம் இருந்தது. சந்தோஷமாகத்தான் படித்துக்கொண்டு வந்தேன். மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி: ‘மழை பிடித்துக்கொண்டால் மியூசியம் பக்கம் ஒதுங்கலாம், அரை மணி நேரம் போகும்.’ அதோடு இணைப்பை மடித்து வைத்துவிட்டேன். நான்கு பக்கத்தில் எங்கள் ஊர் அருங்காட்சியகத்துக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். நான்கு நாளாக அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அரியாங்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள். வயது 63. அந்தக் காலத்தில் ரோமாபுரியோடு வாணிபம் நடந்த துறைமுகமான அரிக்கமேடு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஐப்பசி மழை விட்டதும் ஆற்றங்கரை மாந்தோப்புக்கு ஓடுவோம். மழைநீர் அரித்துக்கொண்டு போன இடத்தில் மணி கிடக்கும். கேழ்வரகு அளவில் சிவப்பு, கறுப்பு, பச்சை. ஒன்றிரண்டு மிளகு அளவு. கையால் பொறுக்க வராது, விரலில் எச்சில் தொட்டு ஒற்றி எடுக்க வேண்டும். துளையில் மண் அடைத்திருக்கும். துடைப்பக் குச்சியைச் சீவிக் குத்தி, நூலில் கோத்து, பொம்மைக்குப் போடுவோம். அது என்ன மணி, யார் செய்தது என்று வீட்டிலும் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்திலும் சொல்லவில்லை. கல்யாணமான பிறகுதான் முதன்முதலாக அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் அதே மணிகள். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துப் பழசு என்று தெரிந்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. இதன்மேல்தானே மிதித்து விளையாடினோம் என்று அன்றைக்குப் பூரா அதே நினைப்பு. அது எனக்கு அரை மணி நேர விஷயம் இல்லை ஐயா.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. எங்களுக்கு முந்தின தலைமுறைப் பிள்ளைகள் இப்படிப் பொறுக்கி வைத்திருந்த மணிகளைப் பார்த்துத்தான் 1930-களில் பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ரேய் இது சாதாரண மேடு இல்லை என்று கண்டுகொண்டார். அப்புறம் 1944-இல் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மதுச்சாடித் துண்டு ஒன்றைப் பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்கு வந்தார். இங்கே நூலகத்தில் தூசி படிந்த கண்ணாடிப் பெட்டியில் கிடந்த சிவப்பு மண்பாண்டத் துண்டுகளைக் கண்டார். இத்தாலியில் அரெஸ்ஸோ பக்கம் செய்த பாண்டம் அது. எந்தக் காலத்தில் செய்தது என்று தெரிந்த பாண்டம். அதோடு சேர்ந்து கிடைக்கும் நம் ஊர்ச் சட்டி பானைக்கும் அதை வைத்தே காலம் சொல்லிவிடலாம். அதனால்தான் 1945-இல் அரிக்கமேட்டைத் தோண்டினார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று பார்க்கப் பொறுமை இருந்த ஒருவரால் தென்னிந்திய வரலாற்றுக்கே ஒரு காலக்கணக்கு கிடைத்தது. அப்படிப்பட்ட பெட்டியைத்தான் மழைக்கு ஒதுங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் பொங்கல் சமயத்தில் அரிக்கமேட்டில் நிற்கும் செங்கல் சுவரின் படத்தைப் போட்டு, ‘ரோமானியர் எழுப்பிய சுவர்’ என்று கீழே எழுதியிருந்தீர்கள். அது 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் கட்டிய கட்டடத்தின் மிச்சம். அப்போதே ஒரு கார்டு போட்டேன், திருத்தம் வரவில்லை. வீலரும், அவருக்குப் பின் பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசாலும், 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லியும் தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். இன்றைக்கு மேட்டுக்குப் போனால் மாமரமும் அந்தச் சுவரும்தான். அங்கிருந்து எடுத்ததைப் பார்க்க வேண்டுமென்றால் அருங்காட்சியகத்துக்குத்தான் வர வேண்டும். அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வருகிறவர்கள் எதைத்தான் பார்ப்பார்கள்?

போன வருஷம் என் பேத்தி பள்ளிச் சுற்றுலாவில் வந்துவிட்டு, “பாட்டி, உங்க ஊரு பார்த்தாச்சு” என்று போன் பண்ணினாள். என்ன பார்த்தாய் என்று கேட்டால் கடல், படகு, ஐஸ்கிரீம். மூன்று பஸ் நிறையப் பிள்ளைகள், ஒரு அருங்காட்சியகத்திலும் இறங்கவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்களும் உங்கள் இணைப்பு மாதிரி ஒன்றைப் பார்த்துத்தானே திட்டம் போடுகிறார்கள். அடுத்த லீவில் அவளை வரவழைத்து நானே கூட்டிக்கொண்டு போனேன். மணிப் பெட்டியின்மேல் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள், மூச்சுக் காற்றில் கண்ணாடி மங்கிப் போகும், துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அப்புறம் புஷ்புஷ் வண்டி. உட்கார்ந்திருக்கும் துரை முன்னால் கம்பியைப் பிடித்துத் திருப்புவார், பின்னாலிருந்து ஆள் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். “தள்ளுறவங்க யாரு பாட்டி?” என்று கேட்டாள். நம்ம ஆளுங்கதான் என்றேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. நீங்கள் பக்கம் பக்கமாகப் போடும் பிரெஞ்சு அழகுக்குள் இதுவும் இருக்கிறது.

மாநில அந்தஸ்து இன்னும் வரவில்லை என்றாலும் நாங்கள் புதுவை மாநிலம் என்றுதான் சொல்வோம். இவ்வளவு சின்ன ஊரின் தலையில் ‘குட்டி பிரான்ஸ்’ என்று ஒரு பெயரைக் கட்டிவிட்டு மற்றதையெல்லாம் மறைத்துவிடுகிறீர்கள். 1761-இல் இங்கிலீஷ்காரன் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகு மறுபடி எழுந்த நகரம் இது. உங்கள் இணைப்பில் வந்த தெருக்களில் நிற்கும் கட்டடங்களெல்லாம் அதற்குப் பிறகு கட்டியவைதான். பாரதியார் 1908 முதல் 1918 வரை பத்து வருஷம் இங்கே இருந்தார். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் வீடு, பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடு, இரண்டையும் நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். இரண்டுமே உங்கள் நான்கு பக்கத்தில் இல்லை. ஆனால் எந்தக் கடையில் எந்த கேக் நன்றாக இருக்கும் என்பதற்குத் தனிப் பெட்டிச் செய்தி. தமிழ்ப் பத்திரிகை ஐயா உங்களுடையது. இருபத்தெட்டு வருஷமாக வாங்குகிறேன், அந்த உரிமையில்தான் வருத்தப்படுகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இணைப்பில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள்: அருங்காட்சியகம் செயின்ட் லூயி தெருவில், பாரதி பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை. பாரதியார் வீட்டையும் பாரதிதாசன் வீட்டையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். அந்தச் சுவர்ப் படத்துக்கு, தாமதமானாலும் பரவாயில்லை, இரண்டு வரியில் திருத்தம் போடுங்கள். கட்டுரை எழுதியவர் மறுபடி இந்தப் பக்கம் வந்தால் தகவல் சொல்லச் சொல்லுங்கள், நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். நல்ல வெயில் நாளாகப் பார்த்து வரட்டும்.

இப்படிக்கு,
அரியாங்குப்பம் வாசகி