வாசகர் வட்டம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஏப்ரல் முதல் மார்ச் முடிய பதினொரு கூட்டங்கள் நடந்தன. டிசம்பரில் மழையால் கூடவில்லை. ஜனவரியில் வேன் வைத்து சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய் வந்தோம்.

இந்த ஆண்டு காதலும் உறவுகளும் பற்றிய இன்றைய நாவல்களை மட்டும் வாசிப்போம் என்றது என் யோசனை. செயற்குழு ஒப்புக்கொண்டது. ஆனால், "காதல் கதை படிக்கவா இந்த வயசுல மாடியேறி வரணும்?" என்று மூத்தவர்கள் சிலர் நின்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

ஜூலையில் பெருமாள்முருகனின் 'பூக்குழி' வாசித்தோம். குமரேசன் சாதி மாறிக் கட்டிய சரோஜாவைத் தன் ஊருக்கே கூட்டி வருகிறான். ஊர் அவளை என்ன பாடு படுத்துகிறது என்பதுதான் கதை. இது சின்னப் பிள்ளைகள் மட்டும் படிக்கிற விஷயமா?

ஆகஸ்டில் இமையத்தின் 'செல்லாத பணம்', 2020க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பொறியியல் படித்த மகள் ஆட்டோ ஓட்டுபவரைக் கட்டிக்கொள்கிறாள். பின்னால் அவள் தீக்காயத்தோடு கிடக்க, தலைமையாசிரியரான அவளுடைய அப்பா, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு வாசலில், பணமிருந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிறார். அன்று பேச எழுந்த நம் உறுப்பினரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்தான். பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருந்த பக்கத்தைப் பிரித்து இரண்டு வரி வாசித்தார். அதற்குமேல் குரல் வரவில்லை. "எம் பொண்ணுகிட்ட நான் பேசி ஆறு வருஷம் ஆச்சு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் யாரும் பேசவில்லை. கீழே டீ ஆறிக் கிடந்தது.

அன்று வந்தவர்கள் ஒன்பது பேர். பட்டியலில் 41 பேர். மற்ற 32 பேரும் அதைக் கேட்காமல் போனார்களே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆண்டுச் சந்தா 300 ரூபாய். 17 பேர் பாக்கி. வீடு தேடிப் போனாலும் "அடுத்த மாசம் பார்ப்போம் சார்" என்கிறார்கள். இரவல் போன ஆறு புத்தகங்களும் வரவில்லை.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்கட்டி வந்தது. துண்டு விழுந்த சிறு தொகையைப் பொருளாளரும் நானும் போட்டுச் சமாளித்தோம். ரசீதுகள் அவரிடம் உள்ளன.

மாடியைத் தந்த நூலகருக்கும், நாற்காலி எடுத்துப்போட்ட தம்பிகளுக்கும், டீக்கடைக்காரருக்கும் நன்றி.

வரும் ஆண்டை அம்பையின் 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை' சிறுகதைகளோடு தொடங்க ஆசை. ஐந்து பிரதியாவது வேண்டும். கையிருப்பு போதாது. முதல் கூட்டம் ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு, மாலை 5 மணி. படியேறச் சிரமப்படுவோருக்காகக் கீழ் அறையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்